லேஸ் இல்லாத, ஜிப் இல்லாத பூட்ஸ்: போடவும் வரவில்லை, கழற்றவும் வரவில்லை

ஆம்பூர்_பேட்டர்ன் | திங்கள், இரவு 9.40

வணக்கம். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்துக் கொடுக்கும் ஒரு யூனிட்டில் பேட்டர்ன் போடுகிறேன். பதினான்கு வருடமாக டெர்பி, ஆக்ஸ்ஃபோர்டு போன்ற லேஸ் ஷூ, லோஃபர் என்றே கை பழகியிருக்கிறது. இப்போது முதல் முறையாக, ஏழு அங்குல உயரத்தில், இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்த பூட்ஸ் ஒன்று வந்திருக்கிறது. வாங்குபவர் ஐரோப்பாவில் தோட்டவேலை செய்கிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் விற்பவர். நிபந்தனை இரண்டுதான். லேஸ், ஜிப் எதுவும் கூடாது. நின்றபடியே போட்டு நின்றபடியே கழற்ற வேண்டும்.

முதல் சாம்பிள் 42 சைஸில் போனது. போன வேகத்தில் ஒரு வீடியோவோடு திரும்பி வந்தது. ஒரு பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை நுழைக்கப் பார்க்கிறார். குதிகால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. தரையில் நாலு தட்டுத் தட்டி எப்படியோ உள்ளே தள்ளிவிட்டார். கழற்றும்போதுதான் பரிதாபம். இன்னொருவர் வந்து இழுக்கிறார், இழுத்த இழுப்பில், பிடித்து இழுக்க வைத்த பின்பக்க நாடா தையலோடு பிய்ந்து அவர் கையில் வந்துவிட்டது. பூட்ஸ் மட்டும் காலிலேயே இருந்தது.

எலாஸ்டிக்கின் மேல்பக்கத்தை அகலமாக்கி, ஒரு சைஸ் பெரிய கட்டையில் (ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் கால் அச்சு, லாஸ்ட்) ஏற்றி இரண்டாவது சாம்பிள் செய்தேன். கால் நுழைகிறது. ஆனால் நடந்தால் குதிகால் சளக் சளக் என்று தூக்குகிறது. ஒன்றைச் சரி செய்தால் ஒன்று போகிறது. எங்கே கை வைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜிப்_கட்சி | திங்கள், இரவு 10.05

உள்பக்கம் ஒரு ஜிப் வைத்தால் பத்து நிமிட வேலை. எதற்கு இந்தப் பாடு? வாங்குபவரிடம் பேசிப் பாருங்கள்.

ஆம்பூர்_பேட்டர்ன் | திங்கள், இரவு 10.12

பேசியாயிற்று. தோட்டத்துச் சேறு ஜிப் பல்லில் ஏறிக் காய்ந்தால் பூட்ஸே குப்பைக்குப் போகிறதாம். ஏற்கெனவே அப்படி நிறையத் திரும்பி வந்திருக்கிறதாம். அந்தக் கதவு மூடியாயிற்று அண்ணே.

கட்டைக்காரர் | செவ்வாய், காலை 6.20

தம்பி, நான் லாஸ்ட் செதுக்கிய ஆள். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது, ராணிப்பேட்டையில் இருக்கிறேன். முதலில் ஓர் இஞ்ச் டேப் எடுத்து உங்கள் காலிலேயே இரண்டு இடம் அளந்து பாருங்கள். ஒன்று, கணுக்காலுக்குச் சற்று மேலே, கால் மெலிந்திருக்கும் இடத்தில் நேராக ஒரு சுற்று. இன்னொன்று, குதிகாலின் அடி மூலையில் டேப்பை வைத்து, சாய்வாக மேலே கொண்டுவந்து, பாதமும் காலும் மடங்கும் முன்பக்கத்தில் ஒரு சுற்று. என் காலில் முதலாவது 22.5 செ.மீ. இரண்டாவது 33.5 செ.மீ.

இடையில் இருக்கும் அந்த 11 செ.மீ.தான் உங்கள் தலைவலி. கால் உள்ளே போகிற அந்த இரண்டு விநாடிக்குப் பூட்ஸ் 33.5 செ.மீ.க்கு வழி விட வேண்டும். அப்புறம் நாள் முழுக்க 22.5 செ.மீ. காலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். லேஸ், ஜிப், பக்கிள் எல்லாமே இந்த வித்தியாசத்தைத் திறந்து மூட வந்தவைதான். அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பவை இரண்டு: இழுபடுகிற ஒரு பொருள், அல்லது வேண்டுமென்றே விட்ட தொளதொளப்பு. எலாஸ்டிக் பூட்ஸ் முதல் வகை. ரப்பர் கம்பூட்டும் அமெரிக்க மாட்டுக்காரர்களின் பூட்ஸும் இரண்டாம் வகை. நீங்கள் இரண்டாவது சாம்பிளில் முதல் வகையைச் செய்யப் போய் இரண்டாம் வகையைச் செய்துவிட்டீர்கள்.

மூன்று கேள்வி. எந்தக் கட்டையில் ஏற்றினீர்கள்? எலாஸ்டிக் வெட்டின் வடிவம் என்ன? கணுக்கால் எலும்பு உயரத்தில் அதன் அகலம் எத்தனை? மேல் அகலத்தைச் சொல்ல வேண்டாம்.

ஆம்பூர்_பேட்டர்ன் | செவ்வாய், மதியம் 1.30

ஐயா, சாப்பாட்டு நேரத்தில் அளந்தேன். என் காலில் 23, 34.

கட்டை, எங்களிடம் டெர்பிக்கு இருந்ததுதான். பின்பக்கம் மட்டும் உயரம் கூட்டிக் கொடுத்தார்கள். எலாஸ்டிக் ‘வி’ வடிவம். மேலே 60 மி.மீ., கீழே வரவரக் குறுகி 15 மி.மீ. எலும்பு உயரத்தில் அளந்தால் 26 தான் வருகிறது. அளந்தபோதே எனக்கு ஏதோ உறைத்தது.

கட்டைக்காரர் | செவ்வாய், மதியம் 2.15

உறைத்தது சரிதான். நீங்கள் எலாஸ்டிக்கை வாசலில் வைத்திருக்கிறீர்கள், நெருக்கடி நடுக்கூடத்தில் இருக்கிறது. மேல் வாய்க்குள் பாதம் சும்மாவே நுழைந்துவிடும். அடைத்துக்கொள்ளும் இடம் கீழே, முன் மடிப்புக்கும் குதி மூலைக்கும் நடுவே ஓடும் சாய்வுக் கோட்டில். அந்தக் கோடு எலாஸ்டிக்கை வெட்டும் இடம் கணுக்கால் எலும்பை ஒட்டித்தான். அங்கே போய் 26 மி.மீ. வைத்தால் அது எவ்வளவுதான் இழுபடும்?

பேன்ட் மறைத்துக்கொள்ளும் ஆபீஸ் பூட்ஸுக்கு ‘வி’ அழகு. வேலைக்குப் போடுவதற்கு ‘யு’ வடிவம்தான். கீழே வரை ஏறத்தாழ ஒரே அகலத்தில் இறங்கி, அடியில் உருண்டு முடிய வேண்டும். சோல் விளிம்புக்கு மேல் 20 மி.மீ. தோலாவது விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அப்பரைக் கட்டைமேல் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங்கில் எலாஸ்டிக்கே இழுத்துக்கொண்டு வரும், தண்ணீரும் ஏறும்.

தெற்குக்_காற்று | செவ்வாய், மாலை 5.50

மெல்போர்னிலிருந்து எழுதுகிறேன். இந்த வகைப் பூட்ஸ் இங்கே தேசிய உடை மாதிரி. டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் 1870இல் தொடங்கிய பிளண்ட்ஸ்டோனும், அடிலெய்டில் 1932இல் தொடங்கிய ஆர்.எம். வில்லியம்ஸும் இதை வைத்தே பெயர் வாங்கியவை. ஐயா சொன்ன வித்தியாசத்தை என் வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். பிளண்ட்ஸ்டோனில் எலாஸ்டிக் அகலமாகக் கீழே வரை இறங்குகிறது, வட்டச் சோற்றுத் தட்டு மாதிரி பரந்த முன்பக்கம், காலைக் காட்டினால் போதும் உள்ளே போய்விடும். ஆர்.எம். வில்லியம்ஸ் ஒரே தோலில் வெட்டி, பின்னால் மட்டும் ஒரு தையல் போட்டது. பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் புதிதில் நான் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்துத்தான் போட்டேன். இரண்டிலுமே முன்னும் பின்னும் ஒவ்வொரு நாடா உண்டு. முன் நாடா இல்லாமல் பின் நாடாவை மட்டும் இழுத்தால் பூட்ஸ் முன்பக்கமாகச் சாய்ந்து மேற்பாதத்தில் இடித்துக்கொள்ளும். உங்கள் சாம்பிளில் முன் நாடா இருக்கிறதா?

இன்னொன்று. இங்கே சில சுரங்கத் தளங்களில் எலாஸ்டிக் பூட்ஸுக்கு அனுமதி கிடையாது. கணுக்காலைப் பிடிக்காது, லேஸ் கட்டியதுதான் வேண்டும் என்பார்கள். சுலபமாகப் போகிறதென்றால் சுலபமாக மடங்கவும் செய்யும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஃபவுண்டரி_சேகர் | செவ்வாய், இரவு 8.30

அதற்கு நேர் எதிர்க் கதை எங்களுடையது. கோயம்புத்தூரில் வார்ப்பாலையில் இருக்கிறேன். உருக்கிய இரும்பு ஊற்றும் இடத்தில் லேஸ் பூட்ஸ் போட்டவனைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். லேஸ் கண், நாக்கு மடிப்பு எல்லாம் தெறிக்கிற உலோகம் போய் உட்காரும் பள்ளங்கள். உட்கார்ந்துவிட்டால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்க நேரம் ஏது? மேல்பக்கம் வழுவழுவென்று இருக்க வேண்டும், உள்ளே ஏதாவது விழுந்தால் அந்த நொடியே உதறிவிட முடிய வேண்டும். வார்ப்பாலை, வெல்டிங் காலணிகளுக்கென்றே ஐஎஸ்ஓ 20349 என்று தனித் தரநிலை இருக்கிறது. பேன்ட் எப்போதும் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் பூட்ஸ் வாய் புனல் ஆகிவிடும்.

போட்டுக் காட்டுகிறவர் பலர். கழற்றிக் காட்டச் சொல்லி நான் கேட்டபோது, முன்பு எங்களிடம் வந்த ஒரு விற்பனையாளர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

ஆம்பூர்_பேட்டர்ன் | செவ்வாய், இரவு 9.15

முன் நாடா இல்லை அண்ணே. படத்தில் இல்லை, நானும் வைக்கவில்லை.

சேகர் சார் சொன்னதில் ஒன்று எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் சாம்பிளைப் போட்டுப் பார்ப்பது காலை பத்து மணிக்கு, ஏசி அறையில், மெல்லிய காட்டன் சாக்ஸோடு. கழற்றிப் பார்ப்பதை யாரும் ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்வதில்லை. போட்டவுடன் கழற்றினால் வராமலா இருக்கும்?

பிசியோ_மீனா | புதன், காலை 7.10

திருச்சியில் பிசியோதெரபி பார்க்கிறேன். உங்களுக்குச் சோதனை அட்டவணை வேண்டுமானால் என்னிடம் வரும் பெரியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பாதம் வீங்கும். வேர்த்த சாக்ஸ் தோலில் ஒட்டும். காலையில் வழுக்கிக்கொண்டு போனது மாலையில் வராது. ஆகவே சாயங்காலம் ஐந்து மணிக்கு, நாள் முழுக்க நடந்த காலில், ஈர சாக்ஸோடு கழற்றிப் பாருங்கள். அதுதான் பரீட்சை.

அடுத்தது கை. வீடியோவில் பெரியவர் நாடாவைப் பிடித்தது எப்படி என்று கவனித்தீர்களா? பெரும்பாலான நாடாவில் ஒரு விரல் நுனிதான் நுழையும். கீல்வாதம் வந்த கையில் இருக்கிற பலம் கொக்கி போடுகிற பலம்தான், கிள்ளிப் பிடிக்கிற பலம் இருக்காது. இரண்டு விரல் கணு வரை நுழையும் வளையமாக வையுங்கள். படுத்துக் கிடக்காமல் விறைத்து நிற்க வேண்டும், தேடிப் பிடிக்கும்படி வைக்காதீர்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்களைக் கொஞ்ச நாளைக்குக் குனியவே கூடாது என்று சொல்லி அனுப்புகிறோம். அவர்களுக்கு நாடாவே பயனில்லை, கொக்கியோடு ஒரு நீளக் குச்சி மாட்டி இழுக்கும்படி வளையம் இருந்தால் புண்ணியம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்த மாதிரிப் பூட்ஸைப் பொதுவாக விற்க வேண்டாம். உள்ளே மடிந்த சாக்ஸும் தெரியாது, புகுந்த கல்லும் தெரியாது. முட்டித் தள்ளி நுழைக்கும்போது விரல் மடங்கினாலும் தெரியாது. அவர்களுக்கு முன்பக்கம் முழுக்கத் திறந்து, உள்ளே கண்ணால் பார்த்து மூடுவதுதான் நல்லது.

ஜிப்_கட்சி | புதன், காலை 8.00

அக்கா என் பக்கம் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். 😀

பிசியோ_மீனா | புதன், காலை 8.25

பாதிதான். உங்கள் ஜிப்பின் நுனியைப் பிடிக்கவும் கிள்ளும் பலம் வேண்டுமே! சாவிக்கொத்து வளையம் ஒன்றை மாட்டிவிட்டால் முழுதாக உங்கள் பக்கம்.

எஸ்டேட்_மழை | புதன், காலை 11.40

வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் ஃபீல்ட் வேலை. இங்கே பூட்ஸ் என்றால் கம்பூட்தான். மழைக்காலத்தில் அட்டைக் கடிக்கு ஒரு பாதுகாப்பு, சேற்றுக்கு ஒரு பாதுகாப்பு. போடுவது பிரச்சினையே இல்லை, வாய் அண்டா மாதிரி இருக்கும். கழற்றும் கதையைக் கேளுங்கள்.

போன ஆனி மாதம் ஓடையைத் தாண்டும்போது இரண்டு பூட்ஸிலும் தண்ணீர் புகுந்துவிட்டது. லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கழற்றப் பார்த்தால் அசையவில்லை. ஈர சாக்ஸ் ரப்பரோடு ஒட்டிக் காற்றுப் புகாமல் அடைத்துக்கொண்டது. இழுக்க இழுக்க உள்ளிருந்து உறிஞ்சுகிறது. ஒருவர் பூட்ஸைப் பிடித்து இழுக்க, இன்னொருவர் என் இடுப்பைக் கட்டிக்கொள்ள, மூன்று பேரும் திண்ணையிலிருந்து முற்றத்துக்கு வந்துவிட்டோம். ஒரு மூதாட்டி அந்தப் பக்கம் வந்தவர், கவாத்து வெட்டிய ஒரு மெல்லிய குச்சியைப் பின்பக்கமாகக் குதிகால் வரை செருகி லேசாக நெம்பினார். புஸ் என்று ஒரு சத்தம். பூட்ஸ் தானாக வந்தது. காற்று போக வழி கிடைத்ததும் அவ்வளவுதான்.

அதிலிருந்து நான் வாங்கும் கம்பூட்டில் இரண்டு பார்ப்பேன். உள்பக்கத் துணி வரிவரியாக இருக்கிறதா, குதிகாலுக்குப் பின்னால் ஒரு சின்னத் திட்டு நீட்டிக்கொண்டிருக்கிறதா. மற்றக் காலின் முனையால் அந்தத் திட்டை மிதித்துக்கொண்டு இழுத்தால் கை படாமலே கழன்றுவிடும். தம்பியின் பூட்ஸுக்கும் சோலில் அப்படி ஒரு திட்டு வைக்க முடியாதா?

குதிரை_லாயம் | புதன், மதியம் 12.30

அந்தத் திட்டு, பூட்ஸ் கழற்றும் பலகையின் தம்பி. ஊட்டியில் குதிரை ஓட்டுகிறவர்களிடம் இந்தப் பலகை இல்லாத வீடு கிடையாது. ஒரு பலகை, ஒரு முனையில் குதிகால் கவ்வும் அளவுக்குக் கவட்டை, அந்த முனை தரையிலிருந்து இரண்டு விரல் உயர்ந்து நிற்க அடியில் ஒரு கட்டை. ஒரு காலால் பலகையை மிதித்து, மற்றக் காலின் குதியைக் கவட்டையில் மாட்டி, முட்டியை மடக்கிக் காலைப் பின்னால் உருவ வேண்டும். முழங்கால் உயர பூட்ஸுக்குப் போடுவதற்கும் கருவி உண்டு. கைப்பிடி வைத்த இரண்டு இரும்புக் கொக்கி, உள்பக்க நாடாவில் மாட்டி இழுக்க.

தொளதொளப்பைக் குற்றமாகவே சொல்லிவிட்டீர்கள், ஒரு நியாயம் சொல்கிறேன். அமெரிக்க மாட்டுக்காரர்களின் பூட்ஸ் வேண்டுமென்றேதான் தளர்ந்திருக்கிறது. குதிரை மிரண்டு ஆள் விழும்போது பாதம் அங்கவடியில் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) சிக்கினால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடிவிடும். கால் பூட்ஸிலிருந்து உருவிக்கொண்டு வந்தால் ஆள் பிழைப்பான். புதுப் பூட்ஸில் குதிகால் கால் அங்குலம் தூக்குவதை அவர்கள் குறையாகவே நினைப்பதில்லை.

தெற்குக்_காற்று | புதன், மாலை 4.00

எலாஸ்டிக் பூட்ஸே ராணிக்காகப் பிறந்ததுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டனில் ஜே. ஸ்பார்க்ஸ் ஹால், விக்டோரியா ராணிக்குக் காலணி செய்தவர், பக்கத்தில் ரப்பர் துணி வைத்துப் பண்ணினார். பொத்தானும் லேஸும் மாட்டிவிட ஆள் வேண்டாம் என்பதுதான் அதன் விளம்பரமே. ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைக்கும் முறை வந்திருக்காவிட்டால் அது நிலைத்திருக்காது. அதற்குச் சார்லஸ் குட்யர் 1844இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். வேகவைக்காத பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கம்பூட்டின் கதையும் அங்கேயே தொடங்குகிறது. வெலிங்டன் பிரபு தோலில் செய்யச் சொன்ன பூட்ஸைத்தான் ஹிராம் ஹட்சின்சன் 1853இல் பிரான்சில் ரப்பரில் செய்யத் தொடங்கினார்.

கட்டைக்காரர் | புதன், மாலை 6.10

கதை நல்ல கதை. வேகவைத்த ரப்பரும் சாகாவரம் பெற்றதில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெயில், எண்ணெய், காற்றிலுள்ள ஓசோன் எல்லாம் மெல்ல மெல்லத் தின்றுவிடும். அலமாரியில் சும்மா வைத்த பூட்ஸில்கூட எலாஸ்டிக் அலையலையாகத் தளர்ந்து போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே தம்பி, பிரித்து மாற்றக்கூடிய மாதிரி தையுங்கள். அப்பருக்கும் லைனிங்குக்கும் நடுவே செருகி இரண்டு வரிசைத் தையல் போட்டால், ஊர் முனையில் உட்கார்ந்திருக்கும் தைப்பவரே பிரித்துப் புதுசு வைத்துக் கொடுப்பார்.

இப்போது கட்டைக்கு வருகிறேன். டெர்பி கட்டையில் பூட்ஸ் ஏற்றியதுதான் உங்கள் பெரிய தப்பு. லேஸ் ஷூவில் காலைப் பிடிப்பது லேஸ். ஆகவே அந்தக் கட்டையில் மேற்பாதம் தாராளமாக இருக்கும், பின்பக்க வளைவு குதிகாலைக் கொக்கி மாதிரி கவ்வும். லேஸை எடுத்துவிட்டால் முன்னால் பிடிமானம் போய்விட்டது, பின்னால் இருக்கிற கொக்கி மட்டும் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. பூட்ஸ் கட்டையில் இது தலைகீழ். மேற்பாதம் சற்று இறங்கிப் பிடிக்கும், பின் வளைவின் மேல்பாதி நிமிர்ந்து வழி விடும். சைஸைப் பெரிசாக்கினால் நீளம்தான் கூடும், இது தீராது.

ஆம்பூர்_பேட்டர்ன் | வியாழன், இரவு 10.20

நேற்றும் இன்றும் பழைய சாம்பிள் ஒன்றைப் பிரித்து மேய்ந்தேன். வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.

எலாஸ்டிக்கைக் கையால் இழுத்துப் பார்த்தால் நன்றாகவே இழுபடுகிறது. பூட்ஸில் வைத்த பிறகு மேல்வாயில் அசையவே இல்லை. ஏன் என்று தடவிப் பார்த்தால், மேல் ஓரத்துக்குத் தோல் பைண்டிங் சுற்றும்போது அப்பரைத் தைத்துச் சேர்க்கும் எங்கள் க்ளோசிங் பிரிவில் ஒரே ஓட்டமாக எலாஸ்டிக் மேலேயும் சுற்றிவிட்டார்கள். உள்ளே வலுவுக்காக நைலான் டேப் வேறு ஒட்டி. டெர்பிக்குப் பழகிய கை, நிற்காமல் ஓடிவிட்டது. அதாவது அறுபது மி.மீ. எலாஸ்டிக்கைப் போட்டுவிட்டு அதன் கழுத்தில் இழுபடாத கயிறு கட்டியிருக்கிறோம்! தைத்த அக்காவிடம் காட்டினேன். “ஓரம் பிரிஞ்சு நிக்குமேன்னு நானேதான் சேர்த்துச் சுத்தினேன் தம்பி” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, என் வரைபடத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்று குறியே இல்லை.

பின் நாடா பிய்ந்ததற்கும் காரணம் தெரிந்தது. அதை லைனிங்கில் மட்டும் பிடித்துத் தைத்திருக்கிறது. பின் பட்டையோடு சேர்க்கவில்லை.

கட்டைக்காரர் | வெள்ளி, காலை 6.05

எலாஸ்டிக் துணியின் நெய்த ஓரமே ஓரம்தான். அதை மேல்பக்கம் வருமாறு வெட்டினால் பிரியாது, பைண்டிங்கை இரு பக்கத்துத் தோலோடு நிறுத்திவிடலாம். கண்டுபிடித்தீர்களே, சந்தோஷம்.

குதிரை_லாயம் | வெள்ளி, காலை 9.00

பலகையில் மாட்டிக் கழற்றுவார்கள் என்றால் பின் பட்டை குதிக்கு மேலே இரட்டைத் தோலாக இருக்கட்டும். முதலில் தேய்வது அங்கேதான்.

தோல்_பதம் | வெள்ளி, மதியம் 3.15

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், லைனிங்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. குதிகால் தூக்காமல் இருக்க, பின்பக்கம் உள்ளே இழை எழும்பிய ஸ்வேட் தோல் வைப்பது பழைய வழக்கம். சாக்ஸைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நுழையும்போதும் பிடிக்கும். ஸ்வேடுக்கு ஒரு திசை உண்டு, கையால் கீழ்நோக்கித் தடவினால் வழுக்கும், மேல்நோக்கித் தடவினால் தடுக்கும். அந்தத் திசையைக் கீழ்நோக்கி வைத்து வெட்டினால் போடும்போது வழுக்கி, நடக்கும்போது பிடிக்காதா?

பிசியோ_மீனா | வெள்ளி, மாலை 5.00

கழற்றும்போதும் பிடிக்குமே ஐயா! எங்கள் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள்.

தோல்_பதம் | வெள்ளி, மாலை 5.20

அட, ஆமாம். இருந்தாலும் செய்து பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

ஜிப்_கட்சி | சனி, காலை 10.30

ஜிப் வேண்டாம் என்றால் பின்பக்கமே திறந்து மூடினால் என்ன? நைக்கி 2021இல் கோ ஃப்ளைஈஸ் என்று ஒரு ஷூ விட்டது. நடுவில் கீல் மாதிரி மடங்கி நிற்கும், காலை வைத்து மிதித்தால் மூடிக்கொள்ளும். கழற்ற, மற்றக் காலால் குதித் திட்டை மிதித்தால் போதும். அதற்கு முன்பே, 2015இல், கையைச் சரியாகப் பயன்படுத்த முடியாதவர்களுக்காக பின்பக்கம் ஜிப் சுற்றித் திறக்கும் ஷூவை அவர்கள் விட்டார்கள். பெருமூளை வாதம் உள்ள ஒரு மாணவர் எழுதிய கடிதம்தான் தொடக்கம்.

நம் ஆட்களுக்கு அந்தக் கீல்கூட வேண்டாம். ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கிச் செருப்பாக்கிக்கொள்வது நம் கண்டுபிடிப்பு இல்லையா? வீட்டு வாசல், கோயில் வாசல், பூஜை அறை, டாக்டர் கிளினிக் என்று ஒரு நாளில் பத்து முறை கழற்றுகிற ஊரில் லேஸ் கட்டுகிறவன் பொறுமைசாலி.

ஆம்பூர்_பேட்டர்ன் | சனி, மதியம் 12.10

அண்ணே, ஏழு அங்குல பூட்ஸில் பின்பக்கம் மடங்கினால் குதிகாலைப் பிடிக்கும் விறைப்பான கவுண்டர் இருக்காது, கவுண்டர் இல்லாவிட்டால் குதிகால் நிற்காது. அதோடு கீல் வைக்கிற மோல்டுக்கு எங்கள் முதலாளி என்னை விற்றாலும் காசு போதாது.

மூன்றாவது சாம்பிள் தயாராகிறது. பூட்ஸ் கட்டை ஒரு ஜோடி இரவல் கிடைத்தது. ‘யு’ வெட்டு, எலும்பு உயரத்தில் 52 மி.மீ., அடியில் 20 மி.மீ. தோல். பைண்டிங் தோலோடு நிற்கிறது, வரைபடத்தில் சிவப்பு மையில் குறி போட்டுவிட்டேன். முன்னும் பின்னும் இரண்டு விரல் வளையம், பின்னது பட்டைக்குள் இறங்கித் தைத்தது. ஸ்வேட் இடது பூட்ஸில் கீழ்நோக்கி, வலதில் மேல்நோக்கி. சோல் அச்சில் கை வைக்க முடியாது, அதனால் குதித் திட்டு இப்போதைக்கு இல்லை. அதற்குப் பதில் பின் பட்டையின் அடியில் இரண்டு தோலை மடித்து ஒரு தடிப்பு வைத்திருக்கிறேன். மற்றக் கால் முனை அதில் தட்டுப்படும்.

எஸ்டேட்_மழை | சனி, இரவு 7.45

ஈர சாக்ஸை மறக்க வேண்டாம்!

ஆம்பூர்_பேட்டர்ன் | அடுத்த வியாழன், இரவு 9.50

மறக்கவில்லை. என் மாமனாருக்கு அறுபத்தெட்டு வயது, 42 சைஸ் கால், ஒரு முட்டியில் வலி. செவ்வாயும் புதனும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை போட்டுக்கொண்டே இருக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே மார்க்கெட்டுக்கும் பாங்குக்கும் போய் வந்தார். புதன் மாலை சாக்ஸோடு பூட்ஸுக்குள் ஒரு டம்ளர் தண்ணீரையும் ஊற்றினேன். என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

போடுவது: முதல் நாள் நாற்காலி கேட்டார், இரண்டாம் நாள் கேட்கவில்லை. முன் வளையத்தில் இரண்டு விரலைக் கோத்து, பாதத்தை நீட்டிக் குத்தலாக நுழைத்து, குதியை ஒரே ஒரு தட்டு. எலாஸ்டிக் எலும்புக்கு மேலே பிதுங்கி விரிவது கண்ணுக்கே தெரிந்தது.

கழற்றுவது: இடது கால் முனையால் வலது தடிப்பை மிதித்தார். முதல் முறை வழுக்கியது, தோல் தடிப்பு போதவில்லை, இன்னும் நாலு மி.மீ. ஏற்ற வேண்டும். இரண்டாம் முறை பிடித்தது. சுவரைத் தொடாமல் வலது வந்துவிட்டது. இடதுக்கு மட்டும் சுவரில் கை வைத்தார். வலது கால் வெறும் சாக்ஸில் இருந்தது, மிதிக்க அழுத்தம் கிடைக்கவில்லை. இதை யோசிக்கவே இல்லை, முதல் கால் சுலபம், இரண்டாவது கால்தான் கஷ்டம்.

ஸ்வேட் விஷயம்: வித்தியாசம் கையில் தெரிகிறது, காலில் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றிய பிறகு இரண்டும் ஒன்றுதான்.

தோல்_பதம் | வியாழன், இரவு 10.05

சரி, என் கட்சி தோற்றது.

குதிரை_லாயம் | வியாழன், இரவு 10.30

இரண்டாவது காலுக்குத்தான் பலகை. ஒரு ஜோடிக்கு ஒரு பலகை சேர்த்துப் பெட்டியில் போடச் சொல்லி வாங்குபவரிடம் கேளுங்கள். உங்கள் ஊரில் மரப்பட்டறைக்கா பஞ்சம்?

ஃபவுண்டரி_சேகர் | வெள்ளி, காலை 7.00

தம்பி, எலாஸ்டிக்கைத் தோல் மடிப்பால் மூடி இதே பூட்ஸை முன்பக்க இரும்பு முனையோடு செய்ய முடியுமா? முடியுமென்றால் தனியாகப் பேசுவோம். சோதனைக்கு அனுப்புகிற செலவு எங்களுடையது. கழற்றிக் காட்டுகிறவர் நீங்கள்தான்.

கட்டைக்காரர் | வெள்ளி, காலை 7.30

எல்லாம் சொன்னீர்கள், குதிகால் தூக்குகிறதா என்று சொல்லவில்லையே?

ஆம்பூர்_பேட்டர்ன் | வெள்ளி, காலை 8.10

தூக்குகிறது ஐயா. கால் அங்குலம் இருக்கும்.

கட்டைக்காரர் | வெள்ளி, காலை 8.14

புது சோல் விறைப்பு அது. மாமனாரை இன்னும் பத்து நாள் மார்க்கெட்டுக்கு அனுப்புங்கள், சோல் வளைந்து கொடுத்த பிறகு அளந்து சொல்லுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.